விடியற்காலை செபத்துக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு பக்திப்பொருள் கடைக்குள் நுழைந்தால், செபத்துக்கென்று விற்கிற சாமான் மேஜை கொள்ளாமல் கிடக்கும். பாட்டுப் பாடும் சுரூபம், நிறம் மாறும் பல்பு போட்ட சிலுவை, வாசனைச் செபமாலை, கை அகல வணக்கப் புத்தகங்கள். காலையில் எழுந்ததும் முதல் அரை மணி நேரத்தை ஆண்டவருக்குக் கொடுக்க நினைக்கிறவருக்கு இதில் எது உதவும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்புரை. அளவுகோல் ஒன்றுதான். கையில் எடுத்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பொருள் மறந்துபோக வேண்டும். தன்னையே பார்க்க வைக்கிற பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் செபத்துக்கு இடைஞ்சல்தான்.

முதலில் வாங்க வேண்டியது அச்சிட்ட விவிலியம். "ஆர்.சி. பைபிளா, சி.எஸ்.ஐ. பைபிளா?" என்று, அதாவது கத்தோலிக்கரதா, தென்னிந்தியத் திருச்சபையாரதா என்று கடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இரண்டு மொழிபெயர்ப்புகள். ஒன்று 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். நமக்குப் பக்கத்தில், திண்டிவனத்தில் இருக்கும் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் வெளியிடுவது. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். இன்னொன்று 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த பரிசுத்த வேதாகமம். இந்திய வேதாகமச் சங்கம் அச்சிடுகிறது, 66 நூல்கள். கடலூர்ப் பக்கத்து ஆற்காடு லுத்தரன் திருச்சபையார், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையார் என்று பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான்.

எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. காலை செபத்துக்கு எது என்று கேட்டால், கடையிலேயே வாய்விட்டுப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டிலும் 63-ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தை எடுங்கள். திருவிவிலியம் "உம்மையே நான் நாடுகின்றேன்" என்கிறது. பழைய வேதாகமம் "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்" என்கிறது. எபிரேயத்தில் இந்த இடத்தில் வரும் 'தேடு' என்ற வினைச்சொல் விடியலைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டியது. அதனால்தான் பழையவர்கள் 'அதிகாலமே' என்று சேர்த்தார்கள். இருட்டில் எழுந்து உட்காருகிறவருக்கு அந்த ஒரு சொல்லே பெரிய துணை. ஆனால் அதே வசனம் "என் மாம்சமானது உம்மை வாஞ்சிக்கிறது" என்று முடியும். பழகிய காதுக்கு அது உருக்கம். பழகாத இளம்பிள்ளைக்கு 'மாம்சம்' என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைதான் நினைவுக்கு வரும், 'வாஞ்சை' புரியவே புரியாது. திருவிவிலியம் அதே இடத்தில் "என் உடல் உமக்காக ஏங்குகின்றது" என்கிறது. அகராதி தேட வேண்டியதில்லை, நேராக உள்ளே இறங்கும்.

எங்கள் தீர்ப்பு இது. சிறுவயதிலிருந்து எந்த மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்தீர்களோ அதையே காலை செபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமாக உள்ளே கிடக்கிற வரிதான் துக்கத்திலும் பயத்திலும் தானாக வாய்க்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களும் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களும் திருவிவிலியத்தை எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படிப்பது மாலையில் செய்ய வேண்டிய வேலை. காலையில் அது படிப்பாக மாறிவிடும், செபம் நின்றுவிடும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நூல்களின் பெயர் இரண்டிலும் வேறு. சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், ஆதியாகமம் தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், பிரசங்கி சபை உரையாளர், நாளாகமம் குறிப்பேடு. புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திரு இருதய பசிலிக்காவின் நுழைவாயிலில் லத்தீனில் ஒரு வசனம் எழுதியிருக்கும். என் பெயர் இங்கே என்றென்றைக்கும் இருக்கும்படி இந்த இல்லத்தைத் தூய்மைப்படுத்தினேன் என்று பொருள். அதைத் திருவிவிலியத்தில் தேடினால் 2 குறிப்பேடு 7:16. மற்றதில் 2 நாளாகமம் 7:16. பாட்டி காலத்துக் கத்தோலிக்கச் செபப்புத்தகம் வீட்டில் இருந்தால் இன்னொரு சிக்கல்: அதில் திருப்பாடல்களின் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். லத்தீன் விவிலியத்தின் வரிசைப்படி போட்டது அது. 51-ஆம் பாடல் அதில் 50. எண் தப்பு என்று நினைத்துப் புத்தகத்தை ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி புத்தகத்தின் உடம்பு. எழுத்தின் அளவைக் கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு சின்ன பல்பு வெளிச்சத்தில்தான் படிக்கப் போகிறீர்கள். கடையின் உள்மூலைக்குப் போய், புத்தகத்தை மடியில் வைக்கிற தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி தெரியவில்லை என்றால் அடுத்த அளவை எடுங்கள். பிறகு நடுவில் விரித்து மேஜைமேல் வையுங்கள். திருப்பாடல்கள் ஏறக்குறைய நடுவில் வரும். கையை எடுத்த பிறகும் விரிந்தபடியே கிடந்தால் நல்ல தையல். தானாக மூடிக்கொண்டால், தினமும் ஒரு கை அதை அமுக்கிப் பிடிப்பதிலேயே போய்விடும். ஜிப் வைத்த உறை பயணத்துக்கு நல்லது, வீட்டில் தேவையில்லை. விடியற்காலை அமைதியில் அந்த ஜிப்பைத் திறக்கிற சத்தத்துக்குப் பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். அடிக்கோடு போடுகிறவர்கள் பென்சில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விவிலியத் தாள் மெல்லியது, கடற்கரை ஈரத்தில் மை இன்னும் ஊறும், ஜெல் பேனா மறுபக்கத்து வசனத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்தது செபமாலை. கத்தோலிக்கர் அல்லாத வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். முழுச் செபமாலையில் 59 மணிகள்: அருள் நிறைந்த மரியே சொல்ல 53, விண்ணுலகில் இருக்கிற சொல்ல 6. கடையிலேயே எண்ணிப் பாருங்கள். மலிவான மாலைகளில் ஒரு பத்தில் ஒன்பதோ பதினொன்றோ கோர்த்திருப்பது அபூர்வமில்லை. அதைவிட முக்கியமான சோதனை கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டியது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மாலைமேல் ஓடவிடுங்கள். பத்து முடிந்து பெரிய மணி வருகிற இடைவெளி விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொரு பத்துக்கும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிவரும், மறையுண்மையிலிருந்து, அதாவது அந்தப் பத்தில் தியானிக்கிற நிகழ்ச்சியிலிருந்து, மனம் நழுவிவிடும். ஆறு மில்லிமீட்டர் மணி இளம் கைக்குப் போதும். வயதானவர்களுக்கு எட்டு மில்லிமீட்டராவது வேண்டும்.

நம் ஊர் உப்புக்காற்றை மனதில் வைத்து வாங்குங்கள். வேளாங்கண்ணி போய்வருகிறவர்கள் ஊருக்கெல்லாம் கொண்டுவந்து கொடுக்கும் பொன்முலாம் கம்பிச் செபமாலை கையில் வாங்கும்போது மின்னும். சில மாதத்தில் கம்பி கறுத்து, கண்ணி வாய் திறந்து, பத்துப்பத்தாகக் கழன்று விழும். எவர்சில்வர் கண்ணி தாங்கும். அதைவிட நல்லது நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கோர்த்த மரமணி. சத்தம் வராது, துருப்பிடிக்காது, தலையணைக்கு அடியில் வைத்தாலும் நெளியாது. சாயம் ஏற்றிய மரமணி வியர்வையில் உள்ளங்கையில் நிறம் விடும். ஈர வெள்ளைத் துணியில் ஒரு மணியைத் தேய்த்துப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும். வாசனைச் செபமாலைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், வாசனை நிற்காது. கூடவே செபமாலைக் கையேடு வாங்கினால் வியாழக்கிழமைக்கு ஒளியின் மறையுண்மைகள் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-இல் சேர்த்தவை அவை. அதற்கு முந்தைய அச்சில் இருக்காது. வாங்கியதும் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்வது நம் வழக்கம்.

ஐந்து பத்தையும் நிதானமாகச் சொல்ல 15 முதல் 20 நிமிஷம் ஆகும். பத்தே நிமிஷத்தில் முடிகிறது என்றால் உதடு ஓடுகிறது, மனம் பின்னால் எங்கோ நிற்கிறது. அப்படி நேரமில்லாத நாளில் ஒரே ஒரு பத்து சொல்வது மேல்.

உட்காரும் இடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து செபித்தால் தூக்கம் வரும், அது சோம்பல் இல்லை, உடம்பின் பழக்கம். கோரைப்பாய் போதும். முழந்தாளிட ஆசைப்பட்டு வலி தாங்காதவர்கள் தச்சரிடம் ஒரு செபப்பலகை செய்து வாங்கலாம். மேலே ஒரு பலகை, கீழே இரண்டு கால், அவ்வளவுதான். மேல்பலகை 18 அங்குல நீளம், 6 அங்குல அகலம். உயரம் பின்பக்கம் ஏழரை அங்குலம், முன்பக்கம் ஆறு. அந்தச் சரிவு இருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். முழந்தாளிட்டு, கால்களுக்குமேல் பலகையை வைத்து அதன்மேல் உட்கார வேண்டும். உடம்பின் பாரம் கணுக்காலில் இறங்காமல் பலகையில் நிற்கும். உயரம் ஆறுக்குக் கீழே போனால் குதிகாலை நசுக்கும். டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். முழங்கால் மூட்டில் தேய்மானம் இருப்பவர்கள் இதை முயல வேண்டாம். சாயாமல் உட்காரக்கூடிய மர நாற்காலியே அவர்களுக்குச் சரி.

அரை மணி நேரம் உட்காருகிற வழக்கம் எங்கே உடைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கைபேசியில்தான். அலாரம் அதில்தான் அடிக்கிறது, நிறுத்தக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் முப்பது செய்தி. அதனால் டைம்பீஸ் ஒன்று வாங்குங்கள், டிக்டிக் என்று அடிக்காததாகப் பார்த்து. கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். விவிலியச் செயலிகள் பேருந்தில் படிக்கவும் வசனம் தேடவும் அருமையானவை. கண் மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கவும் ஒலியாகக் கேட்கவும் அவற்றைவிட வழியில்லை. மற்றவர்களுக்குக் காலையில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மெழுகுவர்த்தி ஒன்று போதும், மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காமல். சிலுவை வைத்த பித்தளைக் குத்துவிளக்கு வீட்டில் இருந்தால் அதுவே நிறைவு. பச்சை பிடித்தால் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். இரண்டு வேலைக்கு. முன்பக்கத்தில் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்ற பெயர்கள், ஒரு நாளைக்கு ஐந்து பேர். ஐம்பது பெயரைத் தினமும் வாசித்தால் அது ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல ஆகிவிடும், யாருடைய முகமும் மனதில் வராது. ஐந்து பேர் என்றால் பத்து நாளில் எல்லோரும் வந்துவிடுவார்கள், ஒவ்வொருவரின் கஷ்டத்தையும் பெயர் சொல்லி எடுத்து வைக்க நேரமிருக்கும். பின்பக்கம் கவனச்சிதறலுக்கு. செபத்தின் நடுவில் கேஸ் பதிவு செய்ய வேண்டும், பிள்ளையின் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று தோன்றினால் சண்டை போடாமல் ஒரே சொல்லில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதியதை மனம் விட்டுவிடும். எழுதாததுதான் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும்.

இந்தப் பொருள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொடங்க வேண்டியது முந்தின இரவு. மறுநாள் வாசிக்கும் பகுதியில் நாடாவை வைத்து, பென்சிலையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் எதைப் படிக்கலாம் என்று புரட்டத் தொடங்கினால் பத்து நிமிஷம் அதிலேயே கரையும். எழுந்ததும் முகம் கழுவி, தண்ணீர் குடித்து உட்காருங்கள். காபி இல்லாவிட்டால் தலை வலிக்கும் என்பவர்கள் அரை டம்ளர் குடித்துவிட்டே வரலாம். திருப்பலிக்குப் போய் நற்கருணை வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தண்ணீருக்குத் தடையில்லை.

சிலுவை அடையாளத்தை மெதுவாக வரையுங்கள். இரண்டு நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் மூச்சு சீராகும்வரை காத்திருங்கள். பிறகு வாசிப்பு, பத்து வசனத்துக்குமேல் வேண்டாம். மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. 16 அதிகாரம்தான், இந்த வேகத்தில் ஏறக்குறைய எழுபது நாளில் முடியும். முதல் அதிகாரம் 35-ஆம் வசனத்திலேயே இயேசு இருட்டோடு எழுந்து தனியிடம் போய்ச் செபித்தது வந்துவிடும். ஒருமுறை கண்ணால் படியுங்கள். இரண்டாம் முறை மெல்லிய குரலில் வாய்விட்டு. எந்தச் சொல்லில் குரல் தயங்குகிறதோ அங்கே நின்றுவிடுங்கள், மீதி வசனம் நாளைக்கு இருக்கட்டும். வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், அமைதியில் தங்குதல் என்று இதை நான்கு படியாக 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி எழுதிவைத்தார். இன்றும் அதைவிடத் தெளிவான வழி இல்லை.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் கோவில் மைக்கில் பேசுகிற தமிழ் வந்துவிடும். "எல்லாம் வல்ல நித்திய பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்குத் தோத்திரம் செலுத்துகிறோம்" என்று பன்மையில் ஓடும். இருப்பது ஒருவர், சொல்வது 'செலுத்துகிறோம்'. அந்த வாக்கியங்களில் தவறில்லை, ஆனால் அவை ஓடும்போது நெஞ்சு சும்மா இருந்துவிடலாம். வீட்டில் அப்பாவிடம் பேசுகிற தமிழில் தொடங்குங்கள். "ஆண்டவரே, நேத்து தம்பிகிட்ட கோவமா பேசிட்டேன். மனசு உறுத்துது. இன்னைக்கு அவனுக்கு போன் பண்ணணும், தைரியம் குடுங்க." 'நான்' என்று வரவேண்டும், ஒரு பெயர் வரவேண்டும், இன்றைக்கு நடக்கப்போகிற ஒரு காரியம் வரவேண்டும். இந்த மூன்றும் வந்துவிட்டால் மனம் அலைவது பாதி குறையும். எட்டு நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். ஒன்றுமே வராத காலைகளும் உண்டு. வறட்சியாக இருக்கிறது என்பதையே சொல்லுங்கள், 63-ஆம் பாடல் பாடியவரும் நீரற்ற நிலத்தைத்தான் காட்டினார். கடைசியாக நோட்டில் உள்ள ஐந்து பெயர், பிறகு இயேசு கற்பித்த செபம், வரிக்கு வரி ஒரு மூச்சு விட்டு.

வீட்டில் இடமில்லாதவர்கள் பலர். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருந்தால் உள்ளறைக்கு எங்கே போவது? புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கோவில்கள் துணை. துமாஸ் வீதியின் கப்ஸ் கோவில் 1855-இல் கட்டி முடித்தது, கடற்கரையிலிருந்து எட்டி நடக்கிற தூரம். மிஷன் வீதியின் சம்பா கோவில் இன்றைய உருவில் 1791-இலிருந்து நிற்கிறது. பசிலிக்கா 1907-இல் அர்ச்சிக்கப்பட்டது. புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அதன் வண்ணக் கண்ணாடிகளில் வெயில் ஏறும் நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதனாலேயே கவனம் குவியாதவர்கள் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காருவது நல்லது. எந்தக் கோவிலானாலும் பலிக்கு முந்தைய கால் மணி நேரம் பெருக்குவதும் மைக் சோதிப்பதும் நடக்கும். தனிச் செபத்துக்குப் பலி முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் நல்ல நேரம். கதவு திறக்கும் நேரத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள், திருவிழாக் காலத்தில் மாறும்.

கடற்கரைச் சாலையில் காலை 7:30 வரை வண்டி விடுவதில்லை. நடைப்பயிற்சிக் கூட்டம் இருந்தாலும் பாறைப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தால் அலைச்சத்தம் மற்றதையெல்லாம் மூடிவிடும். ஜூனில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும், ஜனவரியில் ஆறரையை ஒட்டி. கையடக்கப் புதிய ஏற்பாடு, கூடவே திருப்பாடல்கள் சேர்ந்த பதிப்பு இதற்கென்றே செய்தது போல இருக்கும். பெரிய விவிலியத்தை உப்புக்காற்றுக்கு எடுத்துப் போகாதீர்கள். கார்த்திகை மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த புத்தகமே பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருநாள் விரித்து நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம், தாள் மஞ்சளடித்து நொறுங்கும்.

எல்லாம் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. விவிலியமும் டைம்பீஸும் முதல் வாரம். நோட்டு வீட்டிலேயே இருக்கும். செபமாலையும் பலகையும் ஒரு மாதம் உட்கார்ந்து பழகிய பிறகு. மந்திரித்த செபமாலை அறுந்து, கோர்க்கவும் முடியாமல் போனால் குப்பையில் போடுவதில்லை. மரமணியை எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்க்கலாம். கண்ணாடியும் உலோகமும் என்றால் யாரும் மிதிக்காத இடத்தில், செடிக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடலாம். சிலுவை மட்டும் நன்றாக இருந்தால் கழற்றி அடுத்த மாலையில் கோர்த்துக்கொள்ளலாம்.